சரசு ருசி பார்த்த பீன்ஸ்

அப்பாதுரை அண்ணாவையும் அவர் மனைவி சரசு அக்காவையும் நான் நான்கு வருடம் விடாமல் கிண்டல் செய்தேன். இப்போது நினைத்தால் என் வாயிலேயே நான்கு போட்டுக்கொள்ளலாம் போலிருக்கிறது.

பிரேசர் டவுனில் ஒரு ஓட்டல். அண்ணா அங்கே சமையல் மாஸ்டர், நான் சப்ளையர். முதலாளி யூஜின் சார் அமெரிக்காவில் எங்கோ சாப்பிட்டுவிட்டு வந்து, அதே மாதிரி, கறியைப் புகையிலேயே வேகவைக்கிற ஓர் இரும்பு ஸ்மோக்கரைப் பின்கட்டில் செய்து வைத்தார். படுக்கவைத்த பீப்பாய்க்குப் புகைபோக்கி மாட்டியது போல இருக்கும். நாங்கள் அதை ரயில் என்போம். பக்கத்துப் பெட்டியில் குடகிலிருந்து வருகிற காப்பிக் கட்டை கனன்றுகொண்டே இருக்கும். நெருப்பு கறியைத் தொடாது, சூடும் புகையும் மட்டும்தான் உள்ளே போகும். மேல்தட்டில் பன்றித் தொடை, அதற்கு நேர் கீழே மூடாத தட்டில் பீன்ஸ். காய் இல்லை, வெள்ளைக் கொட்டை. முந்தின நாள் ஊறவைத்து வேகவைத்தது. அதோடு தக்காளி, வெங்காயம், கடுகு, வெல்லம், கறித்துண்டு. மூன்று மணி நேரம் மேலேயிருந்து கொழுப்பு சொட்டுச் சொட்டாக அதில் இறங்கும். இந்த பீன்ஸுக்காகவே டிராபிக்கில் ஒரு மணி நேரம் நின்று வருகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு வேறு வேலை இல்லை என்று நான் நினைப்பேன். சாப்பிட்டால்தான் தெரியும்.

சரசு அக்கா அடுத்த தெருவில் இரண்டு வீட்டில் வேலை செய்தார். தினமும் பதினொன்றரைக்கு எங்கள் பின்கதவில் வந்து நிற்பார். அண்ணா ஒரு கரண்டி பீன்ஸ் எடுத்து, ஊதி ஊதி ஆற்றி, அக்காவின் உள்ளங்கையில் வைப்பார். அக்கா வாயில் போட்டுக்கொண்டு ஒரு வார்த்தை சொல்வார். "உப்பு பத்தல." அல்லது, "இன்னாய்யா இது, பாயசமா? வெல்லத்த கொட்டி வச்சிருக்க." சரியாக இருந்தால், "ம், எறக்கு." அவ்வளவுதான். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு போய்விடுவார்.

"அறுபதாங் கல்யாணம் பண்ற வயசுல ஊட்டி விடறீங்களேண்ணா" என்பேன்.

"ஒனக்கு ஒருத்தி வந்து ஊட்டட்டும், அப்பத் தெரியும் போடா" என்பார் அக்கா.

போன ஆடியில் அக்காவுக்குக் காமாலை. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அண்ணா காலையில் அங்கே போய்விட்டு வேலைக்கு வந்தார். இரண்டாம் நாள் இரண்டு டேபிளிலிருந்து பீன்ஸ் திரும்பி வந்தது. யூஜின் சார் ஒரு ஸ்பூன் வாயில் வைத்துவிட்டு, "அப்பாதுரை, உப்பே போடலியா மேன்?" என்றார். அண்ணா தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். பிறகு பாத்திரம் கழுவுகிற குழாயடியில் என்னைக் கூப்பிட்டார்.

"கொரோனா வந்துச்சில்ல ரவி, அப்ப போன மூக்கு. நாக்கும் போச்சு. காரம் மட்டும் சுருக்குனு தெரியும். உப்பு, இனிப்பு, பொகை, ஒண்ணும் தெரியாது. சொன்னா வேலை போய்டும்னு பயந்தேன். அவதான், நீ ஆக்கு, நான் வந்து பாக்கறேன்னா."

ஆக, நான்கு வருடமாக அந்த ஓட்டலின் நாக்கு பின்கதவில் வந்து நின்றுவிட்டுப் போயிருக்கிறது. நான் அதைக் காதல் என்று கிண்டல் செய்திருக்கிறேன். காதல்தான், இல்லையென்று யார் சொன்னது? ஆனால் நான் கிண்டல் செய்த காதல் வேறு.

அக்கா வீடு திரும்பவில்லை. ஒன்பதாம் நாள் போய்விட்டார்.

காரியம் முடித்து அண்ணா வேலைக்கு வந்ததிலிருந்து நான் ருசி பார்த்தேன். என் நாக்கு சப்ளையர் நாக்கு. எதைக் கொடுத்தாலும் சூப்பர் என்று சொல்லிப் பழகியது. அண்ணாவுக்குக் கோபம் வரும். "கஸ்டமர்கிட்ட பேசற மாரி பேசாத. அவ திட்டுவா. நீயும் திட்டுடா" என்பார். திட்டிப் பார்த்தேன். எனக்கு வரவில்லை.

முப்பதாம் நாள் படையல் திங்கட்கிழமை வந்தது. அன்று ஓட்டல் லீவு. "அம்மாவுக்கு பீன்ஸையே படைச்சிடலாம்பா" என்று மகள் வீணா சொன்னாள். யூஜின் சார் சாவியைக் கொடுத்தார். அதோடு, தனக்கென்று ஒரு வாரமாக உப்பில் ஊறவைத்திருந்த நல்ல கறியையும் எடுத்துக் கொடுத்தார். சரசுவுக்கு நல்லதாகப் போகட்டும் என்றார். கண் கலங்கிவிட்டது மனுஷனுக்கு.

நான் கட்டை போட்டேன். அண்ணா அந்தக் கறியை பீன்ஸில் போட்டு, மற்றதெல்லாம் வழக்கம் போலவே செய்தார். பதினொன்றரைக்கு பீன்ஸ் மேலே ஏடு கட்டி நின்றது. நான் பழக்க தோஷத்தில் கையை நீட்டினேன். சட்டென்று தட்டிவிட்டார்.

"படையல்டா. அவளுக்கு முன்னாடி யாரும் வாய் வைக்கக் கூடாது." சொல்லிவிட்டு லேசாகச் சிரித்தார். "இன்னிக்கும் மொதல்ல அவதான்."

பிறகு பின்கதவைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். "எப்பவும் கம்மின்னுதான் சொல்வா" என்று ஒரு கை உப்பை அள்ளித் தூவினார். அந்தக் கறியே உப்பில் கிடந்தது என்பது அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

நீலசந்திராவில் அவர்கள் வீடு ஒரே அறை. அக்கா படத்துக்கு முன்னால் இலை போட்டு, புதுப் புடவை வைத்து, சோறும் பீன்ஸும் பரிமாறி, கற்பூரம் காட்டினார் அண்ணா. அப்புறம் எங்களை உட்காரவைத்தார்.

முதல் வாயிலேயே தெரிந்துவிட்டது. அப்படி உப்புக் கரித்தது. வீணா ஒரு கணம் மெல்வதை நிறுத்தினாள். அவள் சித்தப்பா என்னைப் பார்த்தார், நான் இலையைப் பார்த்தேன். சாவு விழுந்த வீட்டில் யார் குறை சொல்வார்கள்? ஆளுக்கு இரண்டு சொம்பு தண்ணீர் குடித்தோம்.

"எப்டிம்மா இருக்கு?" என்றார் அண்ணா.

"நல்லாருக்குப்பா."

"ரவி?"

"சூப்பர்ணா" என்றேன். பாழாய்ப்போன வாய்.

அண்ணா எங்கள் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு மூலையிலிருந்த தண்ணீர் கேனைப் பார்த்தார். காலையில் வாங்கிய கேன், பாதிக்கு மேல் காலி.

"உப்பு ஜாஸ்தியா?"

சித்தப்பா மறுபடியும் சொம்பை எடுத்தார்.

"இத்தினி பேர் துன்றீங்க. ஒருத்தர் வாயிலருந்து வரலியே" என்றார். "அவ இருந்திருந்தா மூஞ்சிலியே துப்பியிருப்பா."

சாவு அன்று அழாத மனிதர், முப்பது நாள் கழித்து எங்கள் எல்லோர் முன்னாலும் தேம்பித் தேம்பி அழுதார். எனக்கு நெஞ்சு கேட்கவில்லை. "ஜாஸ்திதாண்ணா. வாயில வைக்க முடியல" என்றேன், ரொம்ப நேரம் கழித்து.

அவர் தலையை ஆட்டினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, படத்துக்கு முன்னால் இருந்த அக்காவின் இலையைத் தன் பக்கம் இழுத்தார். பீன்ஸைச் சோற்றில் பிசைந்து சாப்பிட ஆரம்பித்தார்.

"வேணாம்பா, ஒனக்கு பிரஷர் இருக்கு, ரொம்ப உப்பு" என்று வீணா அவர் கையைப் பிடித்தாள்.

"எனக்கு என்னம்மா தெரியப்போவுது" என்று கையை விடுவித்துக்கொண்டு, இலையில் ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டு முடித்தார்.