அவரைத் தெரியும் என்று சொன்ன நாள்

பிள்ளைகளே, வீட்டுக்கு யாராவது வந்தால் நீங்கள் இரண்டு பேரும் ஒரு கதை சொல்லிச் சிரிப்பீர்கள். அப்பா கோர்ட்டுக்குப் போய், நீதிபதிக்குச் சாமத்தியவீட்டுக் கதை சொல்லி, ஜூரியில் இருந்து தப்பி வந்தவர் என்று. நானும் கூடவே சிரித்திருக்கிறேன். ஆனால் நான் தப்பிக்கப் போகவில்லை. அங்கே இருக்க விரும்பித்தான் போனேன். அதை ஒருமுறையாவது ஒழுங்காக எழுதி வைக்க வேண்டும் என்று நினைக்கிறேன். நான் ஊரில் பத்தாம் வகுப்பு வரைதான் படித்தவன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சாதாரண சனத்தில் பன்னிரண்டு பேரை எடுத்து வழக்கைக் கேட்டு முடிவு சொல்லவைக்கிற ஜூரிக்கு, முதலில் ஒரு படிவம் தபாலில் வந்தது. கனடாப் பிரசையா, என்ன வேலை, இங்கிலீசு விளங்குமா என்று கேட்டிருந்தார்கள். அம்மா, "பெரியவளிட்டக் குடுங்கோ, நிரப்பித் தருவாள்" என்றார். நான் குடுக்கவில்லை. குசினி மேசையில் இருந்து என் கையாலேயே நிரப்பினேன். இங்கிலீசு விளங்கும் என்ற இடத்தில் அடையாளம் போடும்போது கொஞ்சம் யோசித்தேன், பிறகு போட்டேன். சில மாதங்கள் கழித்து, இன்ன நாள் காலையில் கோர்ட்டுக்கு வரவேண்டும் என்று கடிதம் வந்தது.

அந்தக் கிழமை உங்கள் மாமா, அம்மாவின் தம்பி, வந்திருந்தார். கடிதத்தை எடுத்துப் பார்த்தார்.

"அத்தான், உதுக்கெல்லாம் போய் மினக்கெடாதேங்கோ. இங்கிலீசு விளங்காதெண்டு சொல்லுங்கோ, அண்டைக்கே விட்டிடுவாங்கள்."

"விளங்குமெண்டு எழுதிக் குடுத்திட்டனே."

"எழுதினது வேற. ஜட்ஜுக்கு முன்னால போய் நிண்டு முழுசுங்கோ. உங்களுக்கு அது இயல்பா வரும்."

அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு தேத்தண்ணி போடப் போனார்.

"எனக்குப் போக விருப்பமடாப்பா" என்றேன்.

"விருப்பமோ?" என்று கேட்டுவிட்டு, பல்லுப் பிடுங்க விருப்பம் என்று சொன்ன ஆளைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார்.

விருப்பத்துக்கு ஒரு காரணம் இருந்தது. நான் இந்த நாட்டுக்கு வந்து சென் ஜேம்ஸ் ரவுணில் நாலு பேரோடு ஒரு அறையில் இருந்த காலத்தில், என் அகதி வழக்கை ஒரு அதிகாரி அம்மாதான் விசாரித்தார். காலையில் தொடங்கி மத்தியானம் தாண்டியும் நடந்தது. நான் தமிழில் சொல்ல, மொழிபெயர்ப்பவர் அதை இங்கிலீசில் சொல்வார். ஓரிடத்தில் எனக்குப் பேச்சு வரவில்லை. அந்த அம்மா அவசரப்படுத்தவில்லை. தண்ணீர் கொண்டுவரச் சொல்லிவிட்டு, பேனையை மூடி வைத்துக்கொண்டு காத்திருந்தார். அவர் இருந்து கேட்டதால்தான் நான் இங்கே இருக்கிறேன், நீங்களும் இங்கே பிறந்தீர்கள். அவருடைய பெயர்கூட எனக்குத் தெரியாது. என்றாவது நானும் அந்தப் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்து, ஒரு ஆள் சொல்வதை அப்படிக் கேட்கவேண்டும் என்ற ஆசை எனக்குள் இருந்தது. தொழிற்சாலையில் மெஷின் ஓட்டுகிற எனக்கு அதற்கு வேறு வழி கிடைக்காது. இந்தக் கடிதம்தான் வழி.

அன்று கலியாணத்துக்குப் போடுகிற சேட்டுப் போட்டுக்கொண்டு மோர்னிங்சைட்டில் இருந்து பஸ் எடுத்து, பிறகு சப்வேயில் போனேன். கோர்ட்டு வாசலில் பையைச் சோதித்தார்கள். அம்மா கட்டித் தந்த புட்டுப் பெட்டியைக் காவலர் திறந்து பார்த்துவிட்டு, மூடிப் பக்குவமாகத் திருப்பித் தந்தார்.

ஒரு பெரிய அறையில் நூறு பேருக்கு மேல் இருந்தோம். எனக்குப் பக்கத்தில் இருந்தவர் தன் முதுகுவலியைப் பற்றி நீதிபதிக்கு எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். நான் என் நம்பர் எழுதிய அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

பத்து மணிபோல எல்லோரையும் வழக்கு நடக்கும் அறைக்குக் கொண்டுபோனார்கள். நீதிபதி வயதான மனிதர், மெதுவாகப் பேசினார், எனக்கு எல்லாம் விளங்கியது. ஒரு கடைக்கு முன்னால் நடந்த அடிபாட்டில் ஒருவருக்குப் பெரிய காயம். அடித்ததாகச் சொல்லப்பட்ட மனிதர் எழுந்து நின்று, தான் குற்றவாளி இல்லை என்றார். ஐம்பது வயது இருக்கும். புதுச் சேட்டுப் போட்டிருந்தார். பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த கோடுகள் நெஞ்சில் அப்படியே தெரிந்தன. அவருக்கு எதிர்ப்பக்கத்தில் ஜூரிக்கான பன்னிரண்டு கதிரைகள் வெறுமையாக இருந்தன.

பிறகு சாட்சிகளின் பெயர்களை வாசித்தார்கள். யாரையாவது தெரிந்தால் முறை வரும்போது சொல்லவேண்டும் என்றார் நீதிபதி. ஐந்தாவது பெயரை வாசிக்கக் கிளார்க் திணறினார். தமிழ்ப் பெயர். ஸ்காபரோவில் கடை வைத்திருப்பவர் என்றும் சொன்னார்கள். எனக்கு ஆள் யாரென்று உடனே தெரிந்துவிட்டது.

அதற்கு இரண்டு வருடத்துக்கு முன்பு அவருடைய மகள் பெரியபிள்ளையான சாமத்தியவீட்டுக்கு நாங்கள் நாலு பேரும் போயிருந்தோம். உங்களுக்கு ஞாபகம் இருக்கும், சின்னவன் மூன்று ஐஸ்கிரீம் சாப்பிட்ட மண்டபம். அவருடைய மனைவியும் அம்மாவின் ஒன்றுவிட்ட அக்காவும் ஒரே இடத்தில் வேலை செய்தார்கள், அந்தத் தொடர்பில் அழைப்புக் காட் தந்தார்கள். "எங்களுக்கு ஆர் எண்டே தெரியாதே" என்று நான் கேட்டதற்கு, "போகாட்டி அக்காவுக்குக் குறைவெல்லோ" என்றார் அம்மா. வரிசையில் நின்று மேடையில் ஏறினோம், படம் எடுத்தார்கள். அவர் என் கையைப் பிடித்து, "வந்தது சந்தோசம், சாப்பிட்டிட்டுப் போங்கோ" என்றார். எங்கள் பழக்கம் அவ்வளவும்தான்.

அது தெரிந்ததாகுமா? நான் வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. நம்பர்களைக் குலுக்கி எடுத்துக் கூப்பிடத் தொடங்கினார்கள். முதுகுவலிக்காரரை அனுப்பிவிட்டார்கள். வேறு சிலர் சத்தியம் செய்துவிட்டுப் போய் உட்கார்ந்தார்கள். எட்டுக் கதிரைகள் நிரம்பியபோது என் நம்பர் வந்தது. ஒன்பதாவது கதிரை சுவரோரமாக இருந்தது.

நீதிபதி, ஜூரியாக இருக்க முடியாத காரணம் ஏதும் உண்டா என்று கேட்டார். எனக்குத் தெரிந்த இங்கிலீசில் சொன்னேன்.

"சாட்சிகளில் ஒருவரைத் தெரியும், ஐயா."

"நண்பரா?"

"இல்லை."

"உறவினரா?"

"இல்லை. அவருடைய மகளின் கொண்டாட்டத்துக்குப் போனேன்."

"அப்படியானால் குடும்பங்கள் பழக்கம்."

"இல்லை, ஐயா. அன்றைக்கு ஒருநாள்தான் கண்டேன்."

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். "பழக்கமில்லாதவருடைய கொண்டாட்டத்துக்கு ஏன் போனீர்கள்?"

"கூப்பிட்டார்கள்."

பின்னால் சிலர் சிரித்தார்கள். "எத்தனை பேர் வந்திருந்தார்கள்?" என்றார்.

"அறுநூறு பேர் இருக்கும்."

"அவருக்கு உங்களைத் தெரியுமா?"

"பட அல்பத்தைப் பார்த்தால் தெரியும்."

இந்த முறை வக்கீல்களும் சிரித்தார்கள். புதுச் சேட்டுப் போட்ட மனிதர் சிரிக்கவில்லை. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நீதிபதி எல்லோரும் அடங்கும் மட்டும் பொறுத்திருந்தார். பிறகு கேட்டார்: "அவர் ஒன்றைச் சொல்லி, இன்னொரு சாட்சி வேறொன்றைச் சொன்னால், இரண்டு பேரையும் ஒரே மாதிரிக் கேட்க உங்களால் முடியுமா?"

ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும், அந்தச் சுவரோரக் கதிரை எனக்கு. சொல்லத்தான் வாயெடுத்தேன். அப்போது ஒரு காட்சி மனதில் வந்தது. நான் அந்தக் கடைக்காரரை நம்பாமல் விடுகிறேன். அடுத்த மாதம் ஏதோ ஒரு கலியாண மண்டபத்தில் சாப்பாட்டு வரிசையில் அவர் எனக்கு முன்னால் நிற்கிறார். அம்மாவின் அக்கா, "அங்க போய் வயிறுமுட்டச் சாப்பிட்டிட்டு, கோர்ட்டில என்ன செய்தவர் பாத்தியளோ" என்கிறார். எனக்கே வெட்கமாக இருந்தது. ஒரு மனிதருடைய வாழ்க்கை அங்கே நிற்கிறது, நான் சனம் என்ன சொல்லும் என்று யோசிக்கிறேன். ஆனால் யோசித்தது உண்மை.

"எனக்குக் கஷ்டமாக இருக்கும், ஐயா" என்றேன்.

"வெளிப்படையாகச் சொன்னதற்கு நன்றி" என்று சொல்லி என்னை விட்டுவிட்டார். நான் கதவடிக்குப் போவதற்குள் அடுத்த நம்பரைக் கூப்பிட்டார்கள். ஒரு இளம்பெண் எழுந்து என்னைக் கடந்து போனார். ஒன்பதாவது கதிரை அவருக்குத்தான் கிடைத்திருக்கும். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

பின்னேரம் வீட்டுக்கு வந்ததும் மாமா போன் எடுத்தார். அம்மா ஸ்பீக்கரில் போட்டார்.

"அத்தான், என்ன மாதிரி வெட்டித் தப்பினனியள்?"

நடந்ததைச் சொன்னேன். மறுபக்கம் கொஞ்ச நேரம் சிரிப்பு மட்டும்தான் கேட்டது. "சாமத்தியவீட்டைச் சொல்லியோ? நான் முழுசத்தானே சொன்னனான். உங்களிட்டயெல்லோ நான் படிக்கவேணும்."

"நான் வெட்டேல்லை. உண்மையைத்தான் சொன்னனான்."

"ஓமோம், அப்பிடியே எல்லாருக்கும் சொல்லுங்கோ."

உங்கள் கதை அங்கேதான் பிறந்தது. சின்னவன் அன்றிரவே அதை நடித்துக் காட்டினான்.

ஆனால் பெரியவள் மட்டும், கோப்பை கழுவும்போது என் பக்கத்தில் வந்து நின்று கேட்டாள். உனக்கு மறந்திருக்கலாம், பிள்ளை. எனக்கு மறக்கவில்லை.

"அப்பா, ரியலி உங்களுக்கு ஃபெயரா இருக்க ஏலாதோ?"

"தெரியேல்லைப் பிள்ளை."

"அப்ப தெரியேல்லை எண்டெல்லோ சொல்லியிருக்கோணும். ஏன் கஷ்டம் எண்டு சொன்னனீங்கள்?"

நான் கோப்பைகளைத் துடைத்து அடுக்கினேன். இப்போது சொல்கிறேன். கஷ்டம் என்று சொன்னது பொய் இல்லை. ஆனால் கஷ்டம் என்றால் ஏலாது என்று இல்லை. தொழிற்சாலையில் எத்தனை கஷ்டமான வேலையைச் செய்துவிட்டு வருகிறேன். கஷ்டம்தான், ஆனாலும் கவனமாகக் கேட்கப் பார்ப்பேன், எனக்கு இதில் இருக்க விருப்பம் என்று நீதிபதிக்குச் சொல்லியிருக்கலாம். அதற்குத் தேவையான இங்கிலீசு என்னிடம் இருந்தது. அதற்குப் பிறகும் அவர் என்னை அனுப்பியிருக்கக்கூடும், அது அவருடைய முடிவு. எனக்கு அங்கே இருக்க விருப்பம் என்பதை மட்டும் அன்று அந்த அறையில் யாருக்கும் நான் சொல்லவில்லை.