பஞ்சலிங்கத்தாரும் டீசல் காரும்

பஞ்சலிங்கத்தாரின் ஒஸ்ரின் காரில் ஏறாத மாப்பிள்ளை இணுவிலில் மாப்பிள்ளையே இல்லை என்று ஒரு காலத்தில் சொல்லிக்கொள்வோம். நானும் ஏறினவன்தான். அதே காரில்தான் பிறகொருநாள் என் அப்பாவை மானிப்பாய் ஆஸ்பத்திரிக்குக் கடைசித் தடவையாகக் கொண்டுபோனோம். அதனால் அவர் அதை விற்கப்போகிறாராம் என்று கேள்விப்பட்டதும் எனக்கு மனம் பொறுக்கவில்லை. அடுத்த வீட்டுக்காரன் என்ற உரிமையில் வேலியில் ஆள் நுழைய விட்டிருந்த பொட்டுக்குள்ளால் உள்ளே போனேன்.

முற்றத்தில் இரண்டு கார்கள் நின்றன. ஒன்று எங்கள் ஒஸ்ரின். மற்றது கராஜ்காரன் கோபிசங்கர் கொண்டுவந்து விட்டிருந்த யப்பான் டீசல் கார். ஒரு கிழமை ஓடிப் பார்க்கச் சொல்லியிருந்தான்.

காரணம் அவர் மனைவி செல்வநாயகியக்கா. அவருக்கு இருதய வருத்தம். மாதாமாதம் யாழ்ப்பாணத்துக்குக் கிளினிக் போகவேண்டும். போன மாதம் போகும்போது ஒஸ்ரின் கோண்டாவிலில் சண்டித்தனம் பண்ணி நின்றுவிட்டது. மத்தியான வெயிலில் அக்கா காருக்குள் வேர்த்து விறுவிறுத்து இருந்திருக்கிறார். விஷயம் கனடாவுக்குப் போனது. மகன் மயூரன் போனில் துள்ளினான். “அப்பா, பெற்றோல் விக்கிற விலையிலை உந்தப் பழசைக் கட்டி அழாமல் டீசல் கார் ஒண்டை எடுங்கோ. அம்மாவை இனி உதிலை ஏத்தாதையுங்கோ.”

பஞ்சலிங்கத்தார் டீசல் காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். பெண் பார்க்க வந்த இடத்தில் குறை தேடும் மாமியார் மாதிரி இருந்தது அவர் முகம்.

“டீசல் எண்டால் லொறிக்குத்தான் தம்பி. கலியாண வீட்டு வாசல்லை மாப்பிளை இறங்கேக்கை மேளச்சத்தம் கேக்கவேணும். இதைக் கொண்டுபோய் நிப்பாட்டினால் நெல்லுக் குத்திற மெசின் வந்திட்டுது எண்டெல்லோ சனம் நினைக்கும்?”

“ஓம் அண்ணை, ஒஸ்ரின் ஒஸ்ரின்தான்” என்று நானும் ஒத்து ஊதினேன். ஊதாமல் என்ன செய்வேன்? தொண்ணூறுகளில், சண்டைக் காலத்தில், அரசாங்கம் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வரவிடாமல் மறித்து வைத்திருந்தபோது, மண்ணெண்ணெயைக் குடித்துக்கொண்டு ஊரைச் சுமந்த கார் அது. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் பற்றாது. குழந்தைக்குப் பால் கொடுக்கிற சூப்பிப் போத்தலில் துளிப் பெற்றோல் வைத்திருப்பார்கள். அதைக் காபரேற்றருக்குள் பீச்சி எஞ்சினைக் கிளப்பி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். என் கலியாணத்தில் மணவறை வரைக்கும் மண்ணெண்ணெய் மணம் வந்தது. இன்றைக்கும் அந்த மணம் மூக்கில் பட்டால் எனக்கு இருபத்தைந்து வயதாகிவிடும். பயந்து பயந்து வாழ்ந்த காலந்தான், ஆனாலும் நினைத்தால் ஆசையாக இருக்கிறது.

“எல்லாத்தையும் விடு” என்றார் பஞ்சலிங்கத்தார். “என்ரை பிள்ளை பிறந்த காரை நான் எப்பிடி விக்கிறது?”

அந்தக் கதை ஊருக்கே பாடம். அவருடைய வாயாலேயே அதை எத்தனையோ தரம் கேட்டிருக்கிறோம். செல்வநாயகியக்காவுக்கு வலி கண்டு, விடியற்காலையில் மானிப்பாய்க்கு வெளிக்கிட்டார்கள். பாதி வழியில், புகையிலைத் தோட்டங்களுக்கு நடுவில், எஞ்சின் நின்றுபோனது. வீட்டில் ஒரே மாதிரி இரண்டு சூப்பிப் போத்தல்கள். ஒன்றில் பெற்றோல், மற்றதில் விளக்குக்கு விடுகிற மண்ணெண்ணெய். வீட்டில் காரைக் கிளப்பிவிட்டு அவசரத்தில் இவர் எடுத்து வந்தது மண்ணெண்ணெயை. அது தெரியாமல் பொனற்றைத் திறந்து பீச்சுகிறார், பீச்சுகிறார், கார் அசையவில்லை. அந்த இடத்தில் அவர் கையை ஓங்கிக்கொண்டு சொல்வார்: “எஞ்சின்ரை சத்தம் வரேல்லை, பிள்ளையின்ரை சத்தம் வந்திட்டுது!” கேட்கிறவர்கள் வயிறு குலுங்கச் சிரிப்பார்கள்.

அன்றைக்கும் கையை ஓங்கினார். சிரிக்க நானும் ஆயத்தமாக இருந்தேன்.

தேத்தண்ணி கொண்டுவந்த செல்வநாயகியக்கா தட்டை ஒஸ்ரினின் பொனற்றிலேயே வைத்தார்.

“வித்துப்போடுங்கோ” என்றார்.

“என்ன நீர் கதைக்கிறீர்? மயூரன் பிறந்த கார்.”

“உங்களுக்கு அது கதை. நீங்கள் பொனற்றுக்குள்ளை தலையை விட்டுக்கொண்டு நிண்டியள். நான் பின்சீற்றிலை கிடந்தன். கூப்பிட்டன், நீங்கள் திரும்பேல்லை. தோட்டத்து வாய்க்காலிலை தண்ணி மாற வந்த அற்புதராணியக்காதான் ஓடிவந்தவ. பிள்ளை பிறந்தவுடனை அழேல்லை. நீலம் பாஞ்சுபோய்க் கிடந்தது. அவ காலிலை பிடிச்சுத் தூக்கித் தட்டினவ, தட்டினவ... பிறகுதான் அழுதவன். நீங்கள் கேட்டது அந்தச் சத்தத்தை மட்டும்தான்.”

பஞ்சலிங்கத்தாரின் கை தானாக இறங்கியது.

“கோண்டாவில்லை கார் நிண்டவுடனை எனக்கு வருத்தத்தாலை வேர்க்கேல்லை. நீங்கள் இறங்கிப் போய்ப் பொனற்றைத் திறந்தியள். எனக்கு மயூரன் பிறந்த அண்டையான் ஞாபகம் வந்திட்டுது.”

“இவ்வளவு வருசமும் நீர் ஒரு சொல்லுச் சொல்லேல்லையே?”

“நீங்கள் கேக்கேல்லை. எல்லாரும் சிரிச்சுக்கொண்டு நிக்கேக்கை நான் என்னத்தைச் சொல்ல?”

நான் தேத்தண்ணியை அரைவாசியில் விட்டேன். கோப்பையை வைத்துவிட்டு வந்துவிட்டேன். பொட்டுக்குள் நுழையும்போது திரும்பிப் பார்த்தேன். அவர் ஒஸ்ரினின் பின்கதவைத் திறந்து, சீற்றைப் பார்த்தபடி நின்றார்.

ஒஸ்ரின் இப்போது உடுவிலில் ஒருவரிடம், கலியாணங்களுக்கு மட்டும் ஓடுகிறது. வாங்கியவர் அதை எங்கள் வீட்டு ஒழுங்கை வழியே ஓட்டிக்கொண்டு போன அன்று நான் அழுதேன். பஞ்சலிங்கத்தார் அழவில்லை. கிளினிக் நாளென்றபடியால் அக்காவை டீசல் காரில் ஏற்றிக்கொண்டு ஏற்கெனவே போய்விட்டிருந்தார். சத்தம் நெல்லுக் குத்துகிற சத்தம்தான். ஆனால் கார் நிற்பதில்லை.

போன கிழமை கந்தசுவாமி கோயிலுக்கு அவரோடும் அக்காவோடும் நானும் போனேன். வெளிநாட்டிலிருந்து வந்திருந்த சொந்தக்காரப் பெடியன் ஒருவனும் காரில் இருந்தான். ஊர்ப்புதினங்கள் கேட்டு முடிந்ததும், “மாமா, மயூரன் காருக்குள்ளை பிறந்த கதையைச் சொல்லுங்கோ. நீங்கள் சொன்னால் நல்ல பம்பலாம், சிரிச்சு மாளாதாம்” என்றான்.

பஞ்சலிங்கத்தார் தெருவைப் பார்த்தபடியே சொன்னார்.

“எனக்குத் தெரியாது தம்பி. மாமியைக் கேள்.”