ரோம் ரயிலுக்கு ராகு காலம்

கோடை விடுமுறைக்குக் குடும்பத்தோடு இத்தாலி போகிறோம். ஆலங்குடி வீட்டிலிருந்தே ரோம்–வெனிஸ் ரயிலில் நான்கு டிக்கெட் போட்டுக்கொண்டிருந்தேன். பணம் கட்ட வேண்டியதுதான் பாக்கி.

“ஏங்க, வெள்ளிக்கிழமை, இப்ப ராகு காலம். பன்னெண்டுக்கு மேல போடுங்க” என்றாள் மனைவி.

“அந்த ஊர்ல இப்பத்தான் விடியுது.”

“பணம் இங்கிட்டிருந்துதானே போகுது?”

காத்திருந்தேன். பன்னிரண்டுக்கு மேல் பார்த்தால் அந்த ரயிலே நிரம்பிவிட்டது! தேடித் தேடிக் கிடைத்தது ஞாயிறு மாலை ஐந்து மணி ரயில்தான். எரிச்சலோடு பணத்தைக் கட்டினேன்.

“ஞாயித்துக்கெழமை அஞ்சு மணியா? ராகு காலமாச்சேங்க!”

“அப்ப நம்ம ஊர்ல ராத்திரியாயிரும்.”

“ரயிலு அங்கிட்டுதானே கெளம்புது?”

டிக்கெட்டை ரத்து செய்தால் பணம் திரும்ப வராதாம்.

உங்கள் வீட்டில் ராகு காலம் எந்த ஊர்க் கடிகாரப்படி?