மெர்வினுக்கு வந்த மலர்வளையம்

மெர்வின் ட்ராட்மன் டொலிடோ நகரத்துக் கண்ணாடித் தொழிற்சாலையில் சூளை வேலை பார்த்தான். முடிவெட்டக் காத்திருந்த ஒருநாள், யாரோ விட்டுப்போன விஞ்ஞானக் கதைப் பத்திரிகை ஒன்று கையில் கிடைத்தது. அன்றைக்குப் பிடித்த பைத்தியம் கடைசிவரை விடவில்லை. சூளைக்காரர்கள் கேலி செய்வார்கள்: "ஏய் சந்திரவாசி, அங்க பீர் கிடைக்குமாடா?"

"கிடைக்கும். ஆனா உன்னை மாதிரி ஆளுங்களை ஏத்திக்க மாட்டாங்க."

1934இல் 'சனி வளையம்' என்று சொந்தப் பத்திரிகை தொடங்கினான். மனைவி ஓட்டிலியின் கேக் தட்டில் ஜெலட்டினைக் காய்ச்சி ஊற்றி உறையவிடுவான். ஊதா மையில் எழுதிய தாளை அதன்மேல் அழுத்தி எடுத்தால் எழுத்து ஜெலட்டினில் ஒட்டிக்கொள்ளும். பிறகு வெற்றுத்தாள்களை ஒவ்வொன்றாக ஒற்றி எடுக்கவேண்டும். ஐம்பது பிரதிக்குமேல் மை வெளிறிவிடும். ஆகவே வாசகர்களும் ஐம்பது பேர்தான். டெட்ராய்ட்டில் இருந்த நானும் என் நண்பன் எல்டனும் அவர்களில் இருவர். மெர்வினை நாங்கள் நேரில் பார்த்ததே இல்லை. ஆனாலும் அண்டைவீட்டுக்காரனைவிட அவனை நன்றாகத் தெரியும்.

அந்தக் குளிர்காலத்தில் இரண்டு மாதமாக இதழ் வரவில்லை. பிறகு சிகாகோவிலிருந்து ஒரு அஞ்சலட்டை வந்தது: மெர்வின் நிமோனியாவில் இறந்துவிட்டான், சனிக்கிழமை அடக்கம். நான் அழுதுகொண்டே இரங்கல் எழுதி, நானும் நடத்திவந்த ஒரு சிறு ரசிகர் பத்திரிகையில் அச்சிட்டு எல்லாருக்கும் அனுப்பினேன். சனிக்கிழமை காலை மலர்வளையத்துடன் என் பழைய ஃபோர்டில் டொலிடோவுக்குக் கிளம்பினோம். வழியெல்லாம் பனி.

கதவைத் திறந்த ஓட்டிலி வளையத்தைப் பார்த்துவிட்டு, "யாருக்குங்க இது?" என்றாள்.

"அம்மா... மெர்வினுக்கு."

அவள் நிலவறைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள்: "மெர்வின், மேல வா! நீ செத்துட்டியாம், பூ வந்திருக்கு!"

முழங்கைவரை ஊதா மையோடு ஒல்லியான ஒருவன் படியேறி வந்தான். எல்டன் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டான். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. இதழ் நின்றதன் காரணம் உள்ளே தொட்டிலில் கிடந்தது: ஆறு வாரப் பெண்குழந்தை. அட்டையின் கையெழுத்தைப் பார்த்ததுமே மெர்வினுக்குப் புரிந்துவிட்டது: அந்தப் பொய்யை எழுதியவன் சிகாகோ ரசிகன் ஹார்லன் பிக்ஸ்பி. அவனுடைய கதை ஒன்றை மெர்வின் தன் இதழில் விமர்சித்துக் கிழிகிழியென்று கிழித்திருந்தான்.

நான் கையோடு கொண்டுவந்திருந்த இரங்கலை மெர்வின் சமையலறையில் இரண்டுமுறை படித்தான். "நான் இவ்வளவு நல்லவனாடா? ஓட்டிலி, இதைக் கொஞ்சம் படி."

"உன் தோளுக்கு மேல எட்டிப் படிச்சேன். வேற யாரோன்னு நினைச்சேன்," என்றாள் அவள்.

சூப்பும் ரொட்டியும் சாப்பிட்டுவிட்டு, சாயங்காலம்வரை மெர்வினும் நாங்கள் இருவரும் உட்கார்ந்து மற்ற வாசகர்கள் எல்லாருக்கும் அட்டை எழுதினோம்: மெர்வின் உயிரோடிருக்கிறான், நன்றாகவே சாப்பிடுகிறான்.

அடுத்த கோடையில் விஞ்ஞானக் கதை ரசிகர்கள் சிகாகோவில் கூடியபோது பிக்ஸ்பி ஒரு மூலையில் தலைகுனிந்து நின்றான். மெர்வின் மகளைத் தோளில் சுமந்தபடியே அவனிடம் போனான். எல்லாரும் அடிதடியை எதிர்பார்த்தோம்.

"அந்த அஞ்சலட்டை உன் கதையைவிட நல்லா இருந்தது. அடுத்த கதையை எனக்கே அனுப்பு."

பிக்ஸ்பி அனுப்பினான். சுமாரான கதைதான். மெர்வின் அதை ஊதா மையில் முதல் பக்கத்திலேயே போட்டான்.