அறுத்துப் பார்த்த ஏழாவது காந்தம்

இருபது வருடம் எரிந்துபோன மோட்டார்களுக்குக் கம்பி சுற்றியவர் என்பதால் அவருக்கு மோட்டாரக்கா என்று பெயர் விழுந்தது. அந்த மோட்டார் கடையில் ஒரே சட்டம்: சுற்றிய காயில், அதாவது கம்பிச்சுருள், ஒருமுறை புகைந்தால் நேரே குப்பைக்கு. துகள் முடுக்கிக்கு, மின்சாரத்தைத் தடையில்லாமல் கடத்தும் மீக்கடத்திக் காந்தம் செய்யும் எங்கள் கூடத்துக்கு வந்த பிறகும் அவர் அந்தச் சட்டத்தை மனதிலிருந்து விடவில்லை. எதிரே நின்று அளவெடுப்பவன் நான். அக்கா சுற்றினால் கம்பி வாலாட்டாது.

இந்தக் காந்தம் விசித்திரமான பிறவி. திரவ ஹீலியத்தில் குளிர்வித்தால் ஆயிரக்கணக்கான ஆம்பியரைச் சத்தமில்லாமல் விழுங்கும். உள்ளே கம்பி மயிரிழை நகர்ந்தாலும் சூடேறி, மொத்தமும் படுத்துவிடும். புதுக் காந்தம் சிலமுறை படுத்துத்தான் எழும். ஒவ்வொரு முறையும் கம்பி தன் இடத்தில் இறுகி, இன்னும் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். இதைப் பழக்குவது என்போம். விழுந்து விழுந்து நல்லதாகிற சாமானை எவனாவது செய்வானா என்று அக்கா கேட்பார். எனக்கும் முழுசாகப் புரியாது, தலையாட்டி வைப்பேன்.

அவர் சுற்றிய ஏழாவது காந்தம் பன்னிரண்டாயிரம் ஆம்பியர் தாங்க வேண்டியது. முதல் சோதனையில் ஒன்பதாயிரத்தில் படுத்தது. அடுத்ததில் ஏற வேண்டியது, எட்டாயிரத்து ஐந்நூறிலேயே படுத்தது. இன்ஜினியர் குழம்பிப்போய் நின்றார்.

யாரும் கேட்காமலே அக்கா வாயைத் திறந்தார். பதினோராம் சுற்றின்போது மகளின் பள்ளியிலிருந்து போன் வந்ததாம்.

"கை ஒரு நொடி தளர்ந்துடுச்சு சார். தப்பு என் மேலதான்."

அது நிஜமென்றால் காயில் சுற்றும் மேசையிலிருந்து அவரை எடுத்துவிடுவார்கள். தெரிந்தேதான் சொன்னார். இன்ஜினியருக்கோ பிடி கிடைத்த நிம்மதி. பழக்குவதை நிறுத்திவிட்டு, அந்தச் சுற்றைப் பார்க்கக் காயிலைக் குறுக்கே அறுக்கச் சொன்னார்.

மைக்ராஸ்கோப்பில் பார்த்தோம். பதினோராம் சுற்றில் ஒரு குறையும் இல்லை. மற்ற எந்தச் சுற்றிலும் இல்லை. இவ்வளவு சுத்தமான வேலையைப் பார்த்ததில்லை என்று இன்ஜினியர் பாராட்டினார். அக்காவுக்குச் சந்தோஷப்படுவதா அழுவதா என்று தெரியவில்லை. ஏன் வாயைக் கொடுத்தாய் என்று வீட்டுக்காரர் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லையாம்.

எட்டாவது காந்தத்தை அக்கா போனை அணைத்துவிட்டுச் சுற்றினார். அதுவும் முதலில் ஒன்பதாயிரம், பிறகு எட்டாயிரத்து ஐந்நூறு. இந்தமுறை ஒப்புக்கொள்ள அக்காவிடம் தப்பு எதுவும் இல்லை. அறுக்க ஒரு காரணமும் கிடைக்காததால் சோதனையைத் தொடர்ந்தார்கள். மூன்றாவது முறை பத்தாயிரம். ஆறாவது முறை பன்னிரண்டாயிரத்தைத் தாண்டி நின்றது. எல்லோரும் கைதட்டினோம்.

அக்கா கைதட்டவில்லை. இன்ஜினியர் அருகே போனார்.

"அப்போ ஏழாவதும் எழுந்திருக்குமா சார்?"

"எழுந்திருக்கலாம்க்கா. இனிமே தெரிஞ்சுக்க வழியில்ல."

அக்கா தன் கைகளைப் பார்த்தார்.

"அப்போ நான் உண்மையைச் சொன்னது தப்பா சார்?"

இன்ஜினியர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் அளவுக்கருவியைத் துடைக்க ஆரம்பித்தேன்.