வண்டி ஓடிக்கினு இருக்கு

எங்கள் புது வேன் சிவப்பு விளக்கைக் கண்டால் தானாக அணைந்துவிடுகிறது. பிரேக்கை மிதித்து நின்றதும் ஒரு சின்னக் குலுக்கலோடு எஞ்சின் அடங்கிவிடும். ரேடியோ பாடும், விளக்குகள் எரியும், எஞ்சின் மட்டும் இருக்காது. பச்சை விழுந்து காலை எடுத்தால் ஒன்றுமே நடக்காதது போல் மறுபடி ஓடும். டீசல் மிச்சம், காற்றும் கெடாது என்று விற்றவர் பெருமையாகச் சொன்னார். வாங்கி எட்டு மாதமாகிறது. இன்றும் ஒவ்வொரு சிக்னலிலும் எஞ்சின் இனி பிடிக்காது என்றே எனக்குத் தோன்றுகிறது. யாரை இறங்கித் தள்ளச் சொல்லலாம் என்று பின்னால் நிற்கும் வண்டிகளைக் கண்ணாடியில் பார்க்கிறேன். சென்னையில் மாநகரப் பஸ்ஸில் தொங்கி வளர்ந்த என் கணவர் இதைப் பார்த்துச் சிரிக்கிறார். ஜெர்மனியில் யாரும் யாருடைய வண்டியையும் தள்ளுவதில்லை என்று அவர் பலமுறை சொல்லிவிட்டார். எனக்கும் தெரியும். தெரிந்து என்ன பயன்?

இது எங்கள் வீட்டு நோய். 1993இல் தொற்றியது. நான் அப்போது ஆறாம் வகுப்பு. அப்பா கிளியனூரில் இருந்த நிலத்தில் ஒரு பங்கைக் கொடுத்துவிட்டு, விழுப்புரத்தில் ஒருவரிடமிருந்து பழைய டீசல் வேன் ஒன்றை வாங்கி வந்தார். முகூர்த்த நாட்களில் கல்யாண வீட்டாரை ஏற்றிக்கொண்டு மயிலம் மலைக் கோயிலுக்குப் போவார். மற்ற நாட்களில் மல்லாட்டை மூட்டை, வேர்க்கடலையைத்தான் சொல்கிறேன். அந்த வேனுக்கு செல்ஃப் எடுக்காது. சாவியைத் திருப்பினால் ‘டிக்’ என்று ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான். நாலு பேர் தள்ளி, அப்பா செகண்ட் கியரில் போட்டு கிளட்சை விட்டால் ஒரு உதறு உதறிவிட்டுப் பிடித்துக்கொள்ளும். பிடித்துக்கொண்டால் பிறகு கவலையே இல்லை. விழுப்புரம் என்ன, மதுரைக்கே போய்த் திரும்பும். வழியில் ஒருமுறையும் நின்றதில்லை. அதனால் காலையில் தெருவே சேர்ந்து தள்ளி அனுப்பினால், பொழுதுசாய வீடு திரும்பும் வரைக்கும் அப்பா எஞ்சினை அணைக்கமாட்டார். அணைப்பதற்கு ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு கறுப்புக் குமிழ் இருந்தது. அதை இழுத்தால் எஞ்சின் நின்றுவிடும். சாமி படத்துக்குக்கூட எங்கள் வீட்டில் அவ்வளவு பயபக்தி கிடையாது.

“ஏங்க, டீசலு இன்னா கொழாயிலயா வருது? சாப்புடுற நேரமாச்சும் நிறுத்தக்கூடாதா?” என்பாள் அம்மா.

“கம்முனு இரு. நிறுத்துனா நீ வந்து தள்ளுவியா?” என்பார் அப்பா. வாசலில் வண்டி உறுமிக்கொண்டிருக்க, அவர் கேப்பைக் களியை நின்றுகொண்டே சாப்பிடுவார்.

எட்டாம் வகுப்பு படிக்கும்போது ஒரு காலையில், திண்டிவனத்தில் என் பள்ளிக்கூட வாசலிலேயே வண்டி நின்றுவிட்டது. அப்பா கட்டம்போட்ட லுங்கியும் காக்கிச் சட்டையுமாக இறங்கினார். உள்ளே போய்க்கொண்டிருந்த பிள்ளைகளைப் பார்த்து, “யம்மா, கொஞ்சம் தள்ளி உடுங்கம்மா, புண்ணியமாப் போவும்” என்றார். அவர்களுக்கு ஒரே கொண்டாட்டம். பன்னிரண்டு பேர், பச்சைத் தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு, கூச்சல் போட்டுத் தள்ளினார்கள். நான் தள்ளவில்லை. புளியமரத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். அன்றிலிருந்து பத்தாவது முடியும் வரைக்கும் வகுப்பில் என் பெயர் தள்ளுவண்டி. இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றை இங்கே சொல்லிவிடுகிறேன். வண்டி தானாக நிற்கவில்லை. இறங்குகிற அவசரத்தில், அப்பாவின் காலடியில் கிடந்த என் பையை இழுத்தபோது அதன் வார் அந்தக் கறுப்புக் குமிழில் மாட்டி இழுத்துவிட்டது. அப்பா அதைப் பார்த்தார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான்தான் அவரோடு ஒரு வாரம் பேசாமல் இருந்தேன்.

அதன்பிறகு பள்ளிக்கூடத்துக்கு முந்தின முனையிலேயே இறங்கிக்கொள்வேன். பதினோராம் வகுப்பில் ஆண்டு விழா வந்தது. பத்தாவதில் பள்ளியில் முதல் மதிப்பெண் வாங்கியதற்காக எனக்குப் பரிசு. பெற்றோரை அழைத்து வரவேண்டும் என்று தலைமையாசிரியை சொல்லியிருந்தார். அம்மா பட்டுப்புடவை கட்டியிருந்தாள். அப்பா வழக்கமான காக்கியில்தான் இருந்தார். விழா முடிந்ததும் வளவனூருக்கு ஒரு சவாரி இருந்தது. அவரை மேடைக்குப் பக்கத்தில் கற்பனை செய்து பார்த்து எனக்கு இரண்டு நாளாகத் தூக்கமில்லை. வாசலில் வண்டியை நிறுத்தியவர் இறங்கவில்லை. “நீங்க போய்க்கினு வாங்க. வண்டி ஓடிக்கினு இருக்கு” என்றார்.

“சரிப்பா” என்றேன். அந்த ‘சரிப்பா’ என் வாயிலிருந்து வந்த வேகத்தை இன்று நினைத்தாலும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது. அவ்வளவு நிம்மதி அதில். அப்பாவுக்குக் காது நன்றாகக் கேட்கும். எஞ்சின் சத்தத்தில் ஒரு போல்ட் தளர்ந்திருப்பதையே கண்டுபிடிப்பவர் அவர்.

பிறகு விழுப்புரத்தில் கல்லூரி, விடுதி. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா பலகாரமும் துவைத்த துணியும் கொண்டுவருவார். என்னோடு விடுதியில் இருந்தவர்கள் வங்கி மேலாளர் மகள், டாக்டர் மகள் என்று இருந்தார்கள். அவர்களுடைய அப்பாக்கள் உள்ளே வந்து, பார்வையாளர் அறையில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள். என் அப்பா கேட்டுக்கு வெளியே. நான் போகும்போது எஞ்சின் உறுமிக்கொண்டிருக்கும். ஜன்னல் வழியாகப் பலகாரத் தூக்குச்சட்டியை நீட்டுவார். “உள்ள வரலப்பா?” என்று பேருக்குக் கேட்பேன். “வண்டி ஓடிக்கினு இருக்கும்மா” என்பார். விடுதிப் பெண்கள் யாராவது பார்த்துவிட்டு யாரென்று கேட்டால், ஊரிலிருந்து சாமான் வந்தது என்பேன். பொய்யில்லை பாருங்கள். சாமான் வந்ததுதானே.

கல்யாணம் முடிந்து ஜெர்மனிக்குப் புறப்பட்டபோது சென்னை விமான நிலையத்திலும் இதே கதைதான். கணவர் வீட்டார் எல்லோரும் இஸ்திரி போட்ட பேன்ட்டில் வந்திருந்தார்கள். “போலீஸ்காரன் தொரத்துறான். வண்டி ஓடிக்கினு இருக்கு. நீ ஜல்தி போம்மா” என்றார் அப்பா. நான் ஜல்தியாகத்தான் போனேன். திரும்பிப் பார்த்தபோது வேனின் பின்பக்கம்தான் தெரிந்தது.

வந்த புதிதில் எங்களிடம் ஒரு பழைய வேன் இருந்தது, தானாக அணையாத வகை. ஒருநாள் கடைக்குள் போன கணவருக்காக எஞ்சினை ஓடவிட்டு நான் காத்திருந்தேன். நிறுத்தவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஒரு மூதாட்டி வந்து கண்ணாடியைத் தட்டினார். “மோட்டோர் அவுஸ்!” என்றார். மோட்டார் ஹவுஸ் என்று என் காதில் விழுந்தது. நம் ஊரில் கிணற்றங்கரையில் பம்புசெட் இருக்கிற மோட்டார் கொட்டாய்தான் நினைவுக்கு வந்தது. இந்த ஊரில் எனக்கு ஏது மோட்டார் கொட்டாய்? “நோ மோட்டார் ஹவுஸ். அபார்ட்மென்ட்” என்று சொல்லி, எதிரே இருந்த மஞ்சள் கட்டடத்தைக் கைகாட்டினேன். அவர் இன்னும் சத்தமாக “அவுஸ்! அவுஸ்!” என்றார். நான் இன்னும் பணிவாக மூன்றாவது மாடி என்று விரல்களைக் காட்டினேன். கணவர் ஓடிவந்து மன்னிப்புக் கேட்டு எஞ்சினை அணைத்தார். ‘எஞ்சினை அணை’ என்றுதான் அந்த அம்மா கத்தியிருக்கிறார்; நிற்கிற வண்டியில் எஞ்சினை ஓடவிடுவது இங்கே குற்றமாம். அவமானத்தில் காது மடலெல்லாம் சூடாகிவிட்டது. அப்பா இந்த ஊரில் ஒரு நாள்கூடத் தாக்குப்பிடிக்கமாட்டார் என்று நினைத்துச் சிரித்தும்விட்டேன். அதையும் இப்போது நினைத்து வெட்கப்படுகிறேன்.

2014இல் அப்பாவின் வருஷத் தெவசத்துக்காக ஊருக்குப் போனேன். தம்பி சேகர் விமான நிலையத்துக்கு வந்திருந்தான். அப்பாவுக்குப் பிறகு அவன்தான் தொழிலைப் பார்க்கிறான். புது வேன், ஏசி, சாவியைத் தொட்டாலே பிடித்துக்கொள்கிற எஞ்சின். ஒலக்கூரைத் தாண்டியதும் முன்பலகையில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது. வண்டி மாட்டு வண்டி வேகத்துக்கு இறங்கி, ஓரம் கட்டி நின்றுவிட்டது. இருவரும் இறங்கிச் சாலையோரம் நின்றோம்.

“இது பேஜாரு புடிச்ச வண்டிக்கா. மஞ்ச லைட்டு வந்துடுச்சுன்னா நம்ம மெக்கானிக்கு கையே வெக்கமாட்டான். ஆளு லேப்டாப் எடுத்துக்கினு வரணும்” என்றான் சேகர்.

“அப்பா வண்டியா இருந்தா இந்நேரம் வீட்டுக்குப் போயிருப்போம்டா. அதுக்கு செல்ஃப் ஒண்ணுதான் எடுக்காது” என்றேன்.

“யாரு சொன்னது? நீ காலேஜு சேந்த வருசமே செல்ஃப் மோட்டாரு மாத்தியாச்சே. ஒரு திருப்பு, பட்டுனு புடிக்கும்.”

எனக்குப் புரியவில்லை. நான் விடுமுறைக்கு வரும்போதெல்லாம் அப்பா வண்டியை மெயின்ரோட்டுப் பெட்ரோல் பங்க்கிலேயே விட்டுவிட்டு நடந்து வருவார். காலையில் பங்க்கு ஆட்கள் தள்ளிவிடுகிறார்கள் என்று நானாக நினைத்துக்கொண்டிருந்தேன். வாயைத் திறந்து ஒருநாளும் கேட்டதில்லை.

“அப்புறம் ஏன்டா என் காலேஜாண்ட வர்றப்பலாம் ஆஃப் பண்ணாமலே இருந்தாரு?”

சேகர் குனிந்து முன்டயரைக் கையால் அழுத்திப் பார்த்தான். பிறகு மெதுவாகச் சொன்னான். “ஆஃப் பண்ணிட்டுத்தான் இருப்பாருக்கா. நானும் எத்தினியோ வாட்டி கூட வந்திருக்கேன். நீ உள்ளேர்ந்து வர்றது தெரிஞ்சா சாவியத் திருப்புவாரு. ஏம்பான்னு ஒருநாளு கேட்டேன். ‘ஓடிக்கினு இருக்கற வண்டிக்காரன யாரும் உள்ள வான்னு கூப்புடமாட்டாங்கடா. அக்காவுக்கும் சங்கடம் இல்ல’ன்னாரு. சிரிச்சிக்கினேதான் சொன்னாரு.”

சாலையில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. எனக்கு அழுகை வரவில்லை. அழுதிருந்தால் பரவாயில்லை. உடம்பு முழுக்க ஒரு கூச்சம் ஏறியது, நடுத்தெருவில் எல்லோரும் பார்க்க நிற்பதைப் போல. மூன்று வருடம், மாதம் ஒருமுறை, வெயிலில் அணைத்து வைத்த வண்டியில் அவர் கேட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்திருக்கிறார். என் தலை தெரிந்ததும் சாவி. நான் வெட்கப்பட்டது அவருக்குத் தெரிந்திருந்தது. தெரியும் என்பது எனக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டும் இருந்திருக்கிறார். இதைக் கேட்ட பிறகும் என் மனதில் முதலில் வந்தது என்ன தெரியுமா? ‘வரவேண்டாம் என்று நான் சொல்லவில்லையே’ என்பதுதான். எப்பேர்ப்பட்ட பிறவி நான்!

மூன்று வண்டியில் எது நல்ல எஞ்சின் என்று ஊருக்குப் போன் செய்யும்போதெல்லாம் சேகர் கேட்பான். அப்பாவுடையது ஓடினால் நிற்காது. அவனுடையது எப்போது நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. என்னுடையது நிற்கவேண்டிய இடத்திலெல்லாம் நின்று, கிளம்பவேண்டிய நேரத்தில் கிளம்பிவிடும், இதுவரை ஒருமுறையும் ஏமாற்றியதில்லை. நம்பகம் என்றால் இதுதான் என்று அவனிடம் சொல்லிக்கொண்டிருந்தேன், போன வாரம் வரைக்கும்.

போன வாரம் என் மகள் யாழினியின் பள்ளியில் இசை நிகழ்ச்சி. அவளுக்குப் பன்னிரண்டு வயது, புல்லாங்குழல் வாசிக்கிறாள். நான் முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். வேலை முடிந்து வீட்டுக்குப் போக நேரமில்லாமல், பச்சைச் சீருடையிலேயே அவளை ஏற்றிக்கொண்டு வந்தேன். சட்டையில் மருந்து வாடையும் சூப் வாடையும் எனக்கே அடித்தன. பள்ளி வாசலில் அவளுடைய தோழிகளும் நல்ல உடுப்பில் அவர்களின் பெற்றோரும் நின்றிருந்தார்கள். வண்டியை நிறுத்தினேன். யாழினி இறங்கி, கதவைப் பிடித்துக்கொண்டு, என் சட்டையைப் பார்த்தாளோ என் முகத்தைப் பார்த்தாளோ தெரியவில்லை. “அம்மா, டூ முஸ்ட் நிஷ்ட்” என்றாள்.

ஆங்கிலத்தின் ‘மஸ்ட் நாட்’ பழகிய காதுக்கு அது ‘வரக்கூடாது’ என்று கேட்கும். ஜெர்மனில் அதற்கு ‘வந்துதான் ஆகவேண்டும் என்றில்லை’ என்றுதான் பொருள். அம்மா களைத்திருக்கிறாளே என்று சொல்லியிருக்கலாம். வேறு எதற்காகவும் சொல்லியிருக்கலாம். இத்தனை வருடம் இங்கே இருந்தும் எனக்கு முதலில் கேட்பது ‘கூடாது’தான். நான் யோசிக்கவே இல்லை. என் வாய் தானாகச் சொன்னது. “நீ போம்மா. வண்டி ஓடிக்கினு இருக்கு.”

யாழினி காதைச் சாய்த்துக் கேட்டாள். முகத்தைச் சுருக்கினாள். “ஓடலையே அம்மா” என்றாள்.

ஓடவில்லைதான். நிறுத்தியதுமே அது அணைந்துபோயிருந்தது. அப்பாவுக்கு இருந்த அந்த ஒரு சாக்கும் எனக்கு இல்லை. பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் உடனே ஓடும். இடது கையால் என் சீருடைக் காலரைச் சரிசெய்துகொண்டேன், எதற்கென்று தெரியாமலே. பிறகு என் பக்கத்துக் கதவைத் திறந்து இடது காலைத் தரையில் ஊன்றினேன். வலது கால் இன்னும் பிரேக்கிலேயே இருந்தது. யாழினி போகாமல் நின்றுகொண்டிருந்தாள்.