எட்டாத கிளை

தனலெட்சுமிக்குக் கவலைப்படுவது மூச்சு விடுவது மாதிரி. மலேசியாவில், அவள் ஊரான லாயாங் லாயாங்கில் கோயிலுக்குக் கிளம்பினால், அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியில் திரும்பி வருவாள். சிங்கப்பூரில் வேலை செய்யும் மகள் லோஷினிக்கு, "பஸ் ஏறிட்டியா? சாப்பிட்டியா?" என்று போன் அடித்தே உயிரை வாங்குவாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இவளுக்கு வெளிச்சத்திலும் பேய்தான். இப்படிப்பட்டவளுக்கு ஆப்பிள் மரம் வளர்க்கும் ஆசை எங்கிருந்துதான் வந்ததோ!

சந்தையில் வாங்கிய கன்று அது. வாசலில் நட்டாள். இந்த வெக்கையிலும் ஈரத்திலும் கூரை உயரத்துக்கு வளர்ந்ததே தவிர, ஒரு பூவைக் கண்ணில் காட்டவில்லை. கன்று விற்ற சீனரிடம் போய்க் கேட்டாள்.

"இங்க குளிர் இல்லலா, மரத்துக்குத் தூங்கத் தெரியாது," என்றார் அவர். "இலை எல்லாம் உருவிடு. தூங்கி எழுந்த மாதிரி நினைச்சுப் பூக்கும். அப்புறம் மரத்தத் தொடாத."

எட்டிய மட்டும் அவள் உருவினாள். உச்சியில் இருந்ததைக் கணவர் சின்னத்தம்பி ஏணி போட்டு ஏறி, முணுமுணுத்துக்கொண்டே உருவிப் போட்டார். மரம் மொட்டையாக நின்றது. பிறகு மழை பிடித்துக்கொண்டது.

"என்னக்கா, மரம் செத்துப் போச்சா?" என்று போகிறவர் வருகிறவரெல்லாம் கேட்டார்கள். தனம் மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

சின்னத்தம்பியோ கறாராகச் சொல்லிவிட்டார். "வாசல்ல பட்ட மரத்த வச்சுக்கிட்டுத் தீபாவளி கொண்டாட முடியாது. அதுக்குள்ள துளிர்க்கலன்னா வெட்டிப்புடுவேன்."

கன்னிப்பெண்ணாக ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவள் அவள். அங்கே, கிளையில் உயிர் இருக்கிறதா என்று பார்க்க, பட்டையை நகத்தால் சுரண்டுவார்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் உண்டு. தனமும் ஒரு கிளையைச் சுரண்டினாள். பச்சை! அப்பாடா என்றிருந்தது. ஆனால் சாயங்காலமே சந்தேகம் வந்துவிட்டது. பக்கத்துக் கிளை? மறுநாள் அதைச் சுரண்டினாள். அதற்கும் மறுநாள் இன்னொன்று. பல் துலக்குகிறாளோ இல்லையோ, மரத்தைச் சுரண்டாமல் அவளுக்குப் பொழுது விடியாது.

கொஞ்ச நாளில் பச்சை தெரியவில்லை, கறுப்புத்தான் தெரிந்தது. அலறியடித்துக்கொண்டு இன்னும் ஆழமாகச் சுரண்டினாள்.

தீபாவளிக்கு லோஷினி வந்திறங்கியபோது சின்னத்தம்பி பாராங் கத்தியோடு மரத்தடியில் நின்றிருந்தார். தனம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"அப்பா, இருங்க!" லோஷினி கிளையைத் தடவிப் பார்த்தாள். "அம்மா, இதென்ன காயம்? காயம் இருக்கிற இடத்துல எல்லாம் அழுகியிருக்கு."

"நான்தாம்மா. உயிர் இருக்கான்னு பார்த்தேன்."

"தெனமுமா? இந்த மழையிலயா?"

தனம் தன் நகங்களைப் பார்த்தாள். சீனர் சொன்னது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. "ஐயோ, நானே கொன்னுட்டேனே!" என்று வாய்விட்டு அழுதாள்.

"அலமாக்! தனம், மேல பாரு," என்றார் சின்னத்தம்பி.

உச்சிக் கிளையில் இளஞ்சிவப்பாக ஒரு கொத்து மொட்டு. அவள் கை எட்டாத கிளை அது ஒன்றுதான்.

"நல்லவேளை, ஏணிய உள்ள வச்சுப் பூட்டினேன்," என்றார் அவர். அழுகிய கிளைகளை மட்டும் கழித்துவிட்டு, பாராங்கைக் கீழே வைத்தார்.

விடுமுறை முடிந்து லோஷினி கிளம்பினாள். பஸ் சிங்கப்பூர்ப் பாலத்தைத் தாண்டும் நேரம், தனத்தின் விரல் தன்னால் போனுக்குப் போனது. வாசலுக்கு வந்து உச்சிக் கிளையைப் பார்த்தாள். மொட்டு விரிந்திருந்தது. போனைக் குப்புறக் கவிழ்த்துவிட்டு, கைகளை மடியில் இறுக்கிக் கோத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

இருட்டும் முன்பே போன் அடித்தது.

"அம்மா?" லோஷினியின் குரல் நடுங்கியது. "ஏம்மா போனே பண்ணல? உடம்புக்கு ஏதும் முடியலயா?"